நூற்று நாற்பத்தொன்று

தேவாலயத்து அறையில், மேசையின் தலைமாட்டில் பங்குத்தந்தை சூசைமாணிக்கம், கைபிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில். சுவரோரப் பெஞ்சில் முகாம் பிள்ளையார் கோவில் தர்மகர்த்தா வேலாயுதபிள்ளை. ஜமாஅத் செயலாளர் காதர் மீரான் வாசலை ஒட்டி, நண்பகல் லுஹர் தொழுகைக்கு எழுந்து போக வசதியாக. பாடகர் குழுவின் பாயில், காலை மடக்கிக்கொண்டு, மனு எழுதுகிறவருடைய மூத்த மகள்.

அவர் மின்விசிறிக்கு நேர் கீழே. விசிறி ஓடவில்லை. ஓடினால் தாள்கள் பறக்கும்.

மூன்று கோவில்காரர்களும் சேர்ந்து, தொகுதி எம்.பி. வழியாக டெல்லிக்கு அனுப்பும் மனு. அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள் என்பது கோரிக்கை. கடிதம் மூன்று பக்கம். அதன் பின்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பிறந்த தேதி. பிறந்த இடம்.

எழுத்து அவருடையது. கடலுக்கு அப்பால், முருங்கன் பள்ளிக்கூடத்தில் பழகிய கை. அவர் எழுதிய கடிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்ததாக முகாமில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஓர் எழுத்துப் பிசகினால் தாளையே மாற்றுவார்.

மனுவைப் பார்த்துக் கொடுத்த வக்கீல் முந்தின நாள் ஒரு நிபந்தனை எழுதி அனுப்பியிருந்தார். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் இந்திய மண்ணில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு பெயரில் பொய் இருந்தாலும் மொத்தத்தையும் தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவார்கள்.

ஃபாதர் அதை வாசித்து முடித்தார்.

மனு எழுதுகிறவர் பேனாவை மூடினார்.

நூற்று நாற்பத்தொன்று, மரியதர்சினி. பாயில் இருக்கிறவள். அந்த வரியில் பிறந்த இடம் மட்டும் இன்னும் எழுதப்படாமல் கிடந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார்.

இரண்டாயிரத்து ஆறு, ஆவணி. படகோட்டி அவர்களை நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கினான். இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போனான். மரமில்லை. குடிக்கத் தண்ணீரில்லை. அவருடைய மனைவிக்கு அங்கேதான் வலி கண்டது. கூட வந்த பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்து நின்றார்கள். விடியும்போது பிள்ளை அழுதது. கடற்படைக்காரர்கள் வந்து ஏற்றிப்போனது மறுநாள் மத்தியானம்.

கரையில், மண்டபம் முகாமில் பதிவு. எழுத்தர் இவருடைய கையெழுத்தைப் பார்த்து, நீங்களே நிரப்பிவிடுங்கள் என்று தாளைத் தள்ளிவிட்டார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவர் அழகாக எழுதினார்.

கடல் நடுவே, ஐந்தாம் மணல்திட்டு.

எழுத்தர் வாசிக்காமலே முத்திரை குத்தினார்.

ஐந்தாம் திட்டு எந்த நாடு? மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

"பொய் எழுதத் தெரியாத மனுசன் ஏன் காணும் படகேறினீர்?" என்றார் வேலாயுதபிள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை.

மகளுக்கு நர்சிங் கடைசி வருடம். படிப்பு முடிந்து எந்த அரசு ஆஸ்பத்திரியில் மனுப்போட்டாலும் முதலில் கேட்பது குடியுரிமையைத்தான். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மண்டபம் என்று போட்டுவிடச் சொன்னார் மீரான். திட்டுக்குப் போய் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். வேலாயுதபிள்ளை தலையசைத்தார். ஃபாதர் பட்டியலைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, எழுதுங்கள், பாவம் என்னைச் சேரட்டும் என்றார்.

அவர் பேனாவைத் திறந்தார்.

மண்டபம்.

ஐந்து எழுத்து. வாழ்நாளில் முதல் தடவை, தெரிந்தே, தாளில் ஒரு பொய்.

உறையில் இடுமுன் பட்டியலை முதலிலிருந்து உரக்க வாசிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க, இவர் நகல் பிரதியில் குறியிட்டுக்கொண்டே வருவார். அது அவருடைய முறை.

மகள் வாசித்தாள். ஒன்று. இரண்டு. பூசையில் வேதாகம நிருபம் வாசிப்பது போல, நிறுத்தி நிதானமாக.

நூற்று நாற்பது.

நூற்று நாற்பத்தொன்று, மரியறொசான்.

அது அவளுடைய தம்பி. முகாமில் பிறந்தவன்.

குறியிட்ட கை நின்றது. ஒரு பெயரை விட்டுவிட்டாய் என்றார்.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மண்டபத்துக் கோப்பில கடல் நடுவே எண்டு கிடக்கிறதும் உங்கட கையெழுத்துத்தான், அப்பா."



நூற்று நாற்பத்திரண்டு என்றாள். அவளுடைய தங்கச்சி. குரல் அதே குரல். அங்கிருந்து, ஒவ்வொருவரையும் ஓர் எண் மேலே ஏற்றிக்கொண்டே போனாள். கடைசிப் பிள்ளை வரைக்கும்.

அவர் புதுத்தாள் எடுத்தார்.

அந்தப் பக்கத்தையும் அதற்குப் பின் வந்த மூன்று பக்கங்களையும் திரும்ப எழுதினார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மீரான் எழுந்திருக்கவில்லை. வேலாயுதபிள்ளை வேட்டித் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இருநூற்றுப் பதினொன்று.

எண்கள் வரிசையாக இருந்தன. நடுவில் இடைவெளி இல்லை. யார் பார்த்தாலும் தெரியாது.

தாள்களை உறையில் வைத்தார். மடிப்பில் பசை தடவினார். ஒட்டவில்லை. தடவிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் பாயிலிருந்து எழுந்து வந்தாள். உறையை அவர் கையிலிருந்து வாங்கினாள். மடித்து, ஊசி போட்ட இடத்தை அழுத்துவது போல், உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தாள்.

பிறகு மீரானிடம் நீட்டினாள்.

தபால் ஆபீஸ் இரண்டு மணியோடு பூட்டிவிடுவார்கள், கெதியாகப் போங்கோ என்றாள்.