வாசலில் ஏறிய முள்

மலையிலிருந்து வந்த குழல்காரர் பதினோரு வருடம் அந்த ஜவுளிக்கடை வாசலில் நின்று வாசித்தார். கடைக்காரருக்குப் பேரம் என்றால் பாம்புச்செவி. குழலுக்கு மட்டும் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. புகார்த் தாளில் "இரைச்சல்" என்று எழுதிக் கொடுத்து, அதிகாரியை வரவழைத்து அளக்க வைத்து, ஆளை அப்புறப்படுத்தினார்.

அதற்கப்புறம்தான் ஏக்கம் பிடித்தது. அந்தத் தாளத்துக்கே துணி கிழித்துப் பழகிய கை தடுமாறியது. பாட்டை நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒரு வரிகூட வரவில்லை.

நேற்றுக் காலை இரைச்சல் அளக்கும் அதிகாரி வழக்கமான சோதனைக்கு வந்தார். வெறும் வாசலில் கருவியை நீட்டினார். முள் விறுவிறுவென்று ஏறியது.

"என்ன முதலாளி, அந்த மலைக்காரன் திரும்பி வந்துட்டானா? அன்னைக்குக் காட்டின அதே அளவு காட்டுதே!"

"அவர் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டாரே சார்."

கடைக்காரர் வாசலுக்கு ஓடிவந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

"சார், என்ன பாட்டுன்னு சொல்லுதா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! எவ்வளவு இரைச்சல்னு மட்டுந்தான் இது சொல்லும்."

அதிகாரி கருவியை மடக்கப் போனார். கடைக்காரர் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, முள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே மெல்லத் தலையாட்டத் தொடங்கினார்.