தொண்டைப் பொட்டு

லூர்துசாமியின் வலது கால் சில நாட்களாக இழுக்கவே, அவர் மனைவி ஜெசிந்தா அவரைத் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

"பேச்சுல தடுமாற்றம் இருக்காம்மா?" என்று டாக்டர் மலர்க்கொடி கேட்டார்.

"இல்ல டாக்டர். இப்பத்தான் அவுக நல்லாப் பேசுதாக. கொழம்பு ருசியா இருக்குன்னுகூடச் சொல்லுதாக."

எல்லோரையும் போல லூர்துசாமியும் தொண்டையில் பேச்சுக் கருவியான பொட்டை ஒட்டியிருந்தார். ஒருவருக்குச் சொல் சிக்கினால், மிச்சத்தை அவர் குரலிலேயே அது பேசி முடித்துவிடும். ஸ்கேனுக்காக டாக்டர் அதை உரித்து ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பிறகு பேனாவைக் காட்டி, "இது என்ன சார்?" என்றார்.

லூர்துசாமி வாயைத் திறந்தார். "ஆ... ஆ..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

மூளைக்குள் வரும் அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் என்று மறுவாரம் திசுப் பரிசோதனையில் தெரிந்தது. "மருந்துக்குக் கட்டி கரையும்மா. ஆனா பேச்சு போயி பல மாசம் இருக்கும். அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் லூர்துசாமி சொன்னது ஜெசிந்தாவுக்கு நினைவு வந்தது. "ஒன்னைய ரொம்ப அழ வச்சிட்டேன் ஜெசி, மன்னிச்சிரு." கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பேசியதே இல்லை. சொன்னது அவர்தானா?

அன்றிலிருந்து அவள் வைத்திருந்த பொட்டு கைக்குள் லேசாக அதிர்ந்தது.

"பயப்படாத ஜெசி. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றது லூர்துசாமியின் குரல்.

கட்டிலில் அவர் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அதை வீசியெறியக் கையை ஓங்கினாள். பிறகு மெல்லக் காதருகே கொண்டுபோனாள்.