பிரஷ் கணக்கு

ஒரு மனிதன் ஓர் ஊரில் வசிக்கிறான் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சிதான் உண்டு. ஈரமான பல் பிரஷ்.

இதை அவன் ஊராட்சித் தலைவரின் முகத்துக்கு நேராகச் சொன்னான். சிரிக்கவில்லை.

மதுரையில் புள்ளியியல் இரண்டாம் வருடம். விடுதிவாசம். காலை ஏழரை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான், சொந்த ஊரைக் கணக்கெடுக்க.

தலைவர் கொடுத்த பழைய பட்டியலில் இருநூற்று நாற்பத்து மூன்று பேர். அதில் கால்வாசிப் பேர் துபாயிலும் திருப்பூரிலும் இருந்துகொண்டே இந்த ஊரில் வசித்தார்கள்.

இருநூறு பேருக்குக் குறைந்தால் ஏழரை பஸ் இனி ஊருக்குள் வராது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டோடு போய்விடும்.

"பாத்து எழுது மாப்ள."

"பாத்துத்தான் எழுதுவேன் மாமா."

முதல் வீடு, முத்துப்பேச்சி அத்தை.

மாத வருமானம் நாலாயிரம் என்றாள். அவள் தலைக்கு மேல் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலும் நாலாயிரம். மாடி வீட்டிலும் நாலாயிரம். ரேஷன் அரிசி போய்விடக் கூடாதே.

வருமானத்துக்குப் பிரஷ் கிடையாது. எழுதிக்கொண்டான்.

"வீட்டுல எத்தன பேரு அத்த?"

"அஞ்சு. ஜெயசீலனயும் சேத்து."

"அவன் துபாய்லல்ல இருக்கான்?"

"இருந்தா? இந்த வீட்டுப் புள்ள இல்லைன்னு ஆயிருமா?"

"பிரஷக் காட்டுங்க."

கொண்டுவந்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். விளக்குமாறு போலக் காய்ந்திருந்தது.

பெயரை அடித்தான்.

செய்தி அவனைவிட வேகமாக நடந்தது. அடுத்த தெருவில் எல்லா பிரஷும் சொட்டச் சொட்ட வந்தன. ஒன்று கடை அட்டை கூடப் பிரிக்காமல் நனைந்திருந்தது.

அன்றைக்கு அங்கேதான் முதன்முதலாகச் சிரித்தான்.

"பல்லு தேச்ச பிரஷ் சொட்டாது சித்தி. குழாயில புடிச்ச பிரஷ்தான் சொட்டும். தண்ணி ஊத்தி ஆள மொளைக்க வெக்கிறீங்களே!"

அடித்துக்கொண்டே போனான்.

கடைசியில் செங்கல் சூளை. ஒடிசாக்காரர்கள், பதினெட்டுப் பேர். ஏழு வருடமாக இங்கே. பழைய பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

அப்பாவுக்காக சஸ்மிதா பதில் சொன்னாள். எட்டாம் வகுப்பு.

"வருமானம், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேத்து பதினெட்டாயிரத்து எழுநூறுண்ணா. மழைன்னா பாதி."

ஊரிலேயே உண்மையான வருமானத்தைச் சொன்ன ஒரே வீடு.

"எங்களயும் எழுதுவீங்களாண்ணா? அந்த பஸ்ஸுலதான் நான் பள்ளிக்கூடம் போறேன்."

தகர டப்பாக்களில் பதினெட்டு பிரஷ். ஈரம்.

எழுதினான்.

தலைவர் போனில் வந்தார். "அவங்க நம்ம ஊராளா மாப்ள?"

"பிரஷ் ஈரமா இருக்கு மாமா."

பாக்கி அவன் வீடு மட்டும்தான்.

"எத்தன பேரும்மா?"

"மூணு."

"ரெண்டு."

"அப்ப சோறு எதுக்குடா மூணு பேருக்கு வெச்சிருக்கேன்?"

"சோத்த வெச்சுக் கணக்கு எழுத முடியாதும்மா."

"ஒன் பிரஷும் அங்கனதான கெடக்கு. போய்ப் பாரு."

அம்மா தட்டு எடுக்க உள்ளே போனாள். அப்பா, அம்மா. இரண்டு பெயரையும் எழுதிக் கூட்டினான்.

நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

இன்னொரு முறை கூட்டினான். கூட்டலில் அவன் தப்பு விட்டதில்லை.

கொல்லைப்புறம் போனான். குழாய் மேல் எவர்சில்வர் டம்ளர். இரண்டு பிரஷ் ஈரம். மூன்றாவது, பச்சை நிறம், இரண்டு வருடமாக யாரும் தூக்கிப் போடாதது.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

குழாயைத் திறந்தான்.

நனைத்த பிரஷை இரண்டு முறை நன்றாக உதறினான். சொட்டக் கூடாது.

பிறகு, மற்ற வீடுகளில் செய்தது போலவே, கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

ஈரம்தான்.