முதலில் மைனஸ்

தொழிற்சாலையில் முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினார். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் காரில் பானட்டைத் திறந்து, கிரீஸ் படிந்த உடையில் ஒருவன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“யோவ், நிறுத்து!”

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. “சார், நான் வந்து...”

“பேசாதே! மோதிரத்தோட பேட்டரியைத் தொடுவாங்களா? ஷார்ட் ஆச்சுன்னா விரல் வெந்துடும். முதல்ல மோதிரத்தைக் கழட்டு. அப்புறம் மைனஸ், கடைசியிலதான் பிளஸ்.”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொன்னபடியே செய்தான்.

“முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. சாய்ச்சா ஆசிட் கொட்டும்!”

தானும் ஒரு கை கொடுத்து, பேட்டரியை அவன் ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டார்.

“இவ்வளவு அக்கறையா எனக்கு யாருமே சொன்னதில்ல சார்” என்று கும்பிட்டுவிட்டு அவன் கிளம்பினான்.

அரை மணி நேரத்தில் டாக்டர் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினார்.

“சார், என் கார் பேட்டரியை எவனோ திருடிட்டான்! கீழ யாரையாவது பார்த்தீங்களா?”

ஒருவன் அடிபடாமல் போய்விட்டானே என்று பாதுகாப்பு அதிகாரி வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டார்.