ஓட்டைவாய்

“உன்னை நம்பினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அக்கா, போனில் தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் முடி கொட்டிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்தப் பக்கம் தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். வீட்டில் அவனுக்கு ஓட்டைவாய் என்றுதான் பேர். காதில் விழுந்தது எதுவும் அவன் வாயில் தங்காது.

“வீட்டுல துரைன்னு நாய் இருக்குன்னு டாக்டர்கிட்ட மூச்சு விடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதாக்கா?”

“துரையை வெளியே அனுப்பச் சொல்லிட்டாங்க. என் பொண்ணுக்கு அவன்தான்டா உசுரு. அவளுக்காகத்தானே மறைச்சேன்.”



அவளுக்குப் பல நாளாகக் காய்ச்சல் அடங்கவில்லை. ரத்தத்தில் ஏதோ கிருமி, என்னவென்று பிடிபடவில்லை. நாய் விஷயம் தெரிந்ததும் டாக்டர் அவள் கையிலிருந்த கீறலைப் பார்த்தார்.

“நாய் நக்குச்சா?”

“செல்லமா நக்கும் டாக்டர்.”

“அது வாயில இருக்கிற கிருமிதான். மத்தவங்களை அநேகமா ஒண்ணும் செய்யாது. உங்க உடம்புல இப்ப அதை எதிர்க்கத் தெம்பில்லை. எங்களுக்கே இது அபூர்வம்.”

மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் விட்டது.

வீட்டுக்குப் போகிற நாளில் தம்பி முகக்கவசத்தோடு உள்ளே வந்தான்.

“துரை எங்கடா?”

“என் வீட்டுலதான்க்கா. ராஜா மாதிரி இருக்கான்.”

அவள் கண் கலங்கியது. “அன்னிக்கு உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். உன் ஓட்டைவாய்தான்டா எனக்கு உயிர் கொடுத்துச்சு. நல்லா இருப்பே.”

அப்போது உள்ளே வந்த டாக்டர் சிரித்தார்.

“இவரா சொன்னார்? உங்க பொண்ணு இல்ல போன் பண்ணினா? ‘நாய் போனாலும் பரவாயில்லை, அம்மா வேணும்’னு ஒரே அழுகை.”

அக்கா தம்பியையே பார்த்தாள்.

“அவ்வளவு திட்டினேனே, ஏன்டா சொல்லலை?”

“யார்கிட்டயும் சொல்லாதே மாமான்னு பிள்ளை கேட்டுக்கிச்சுக்கா” என்றான் ஓட்டைவாய்.