ஒயர் எட்டும் தூரம்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜெசிந்தா, போன வாரம் ஒரு கஸ்டமரோடு பேசிக்கொண்டே வழுக்கி விழுந்து இடக்கையை முறித்துக்கொண்டாள். அது பணியிட விபத்துதானா என்று பார்க்க, கம்பெனி கோதண்டம் என்ற விசாரணை அதிகாரியை அனுப்பியது. அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையில் சாக்பீஸோடு உள்ளே வந்தார்.

"விழும்போது ஹெட்செட் காதுல இருந்துச்சா, மேடம்?"

"இருந்துச்சு சார். குக்கர் மூணாவது விசில் விட்டுச்சு, அடுப்பை அணைக்க எழுந்தேன். கஸ்டமர் அப்பவும் திட்டிக்கிட்டுதான் இருந்தார்."

"அப்ப ஒயர் எட்டுற வரைக்கும் ஆபீஸ்னு வச்சுக்கலாம். மாட்டிக்கிட்டு நடங்க."

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் நடந்தாள். சமையலறை வாசலைத் தாண்டும்போது ஒயர் விறைத்துத் தலையைப் பின்னால் இழுத்தது. அப்படியே நின்றாள். கோதண்டம் குனிந்து, அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். இடது கால் ஆபீஸில் இருந்தது, வலது கால் சமையலறையில்.

அவர் படிவத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"வழுக்குனது எந்தக் கால், மேடம்?"

ஜெசிந்தா வலது காலை மெல்ல எடுத்து, இடது காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.