மிஞ்சும் வலது

லூதியானா சைக்கிள் பட்டறைக்குள் மூடுபனி சன்னல் வழியாகப் புகுந்து நிற்கிறது. ஸ்டோரின் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து ஜக்தார் சிங் இடது கையால் கையுறைகளை எடுத்து நீட்டுகிறார். அவருடைய வலது சட்டைக் கை முழங்கையோடு மடிக்கப்பட்டு ஊக்கு குத்தியிருக்கிறது. யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. வெல்டருக்கு முழங்கை வரை வரும் தோல், அமிலத் தொட்டிக்காரருக்குக் கனத்த ரப்பர், தகடு வெட்டுபவருக்குக் கம்பி கலந்து பின்னியது. கடைசியாக ட்ரில்லிங் மெஷின் முக்தியார் வந்து விரல்களை ஊதிக்கொண்டு நிற்கிறார்.

"பாஜி, இரும்பு ஐஸ்கட்டியா இருக்கு. ஒரு நூல் க்ளவுஸாவது குடேன்."

"சுத்துற மெஷினுக்கு க்ளவுஸ் கெடையாது. ஓரம் சிக்கினா போதும், கையையே உள்ள இழுத்துக்கும்."

"உனக்கென்ன, ஒரு கைதானே குளிரும்!"

வெல்டர்கள் சிரிக்கிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே மாதிரிக் குளிரில், அதே மெஷினில், நூல் கையுறையோடு நின்ற ஜக்தாரும் சேர்ந்து சிரிக்கிறார். தன் டீ கிளாஸை வலைக்கு அடியில் தள்ளுகிறார். "குடிக்காட்டியும் பரவால்ல. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க."

சங்கு ஊதியதும் எல்லோரும் போய்விடுகிறார்கள். இந்தக் குளிர்காலத்துக்குத் தனக்கு வந்த கம்பளி ஜோடியை ஜக்தார் பல்லால் பிரிக்கிறார். இடதைக் கவ்வி இழுத்து மாட்டிக்கொள்கிறார். வலதை எறிய மனம் வரவில்லை. மேசை இழுப்பறையைத் திறக்கிறார். உள்ளே எட்டு வலது கையுறைகள் புது மடிப்பு கலையாமல் கிடக்கின்றன. ஒன்பதாவதை மேலே வைத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுகிறார்.